ஒரே கண்மாய், பல பந்தி: நீர்ப்பறவைகளின் வளப் பங்கீடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மேலூருக்குக் கிழக்கே உள்ள ஓர் ஊரின் கண்மாய்க்கரையில் தை மாதக் காலைப் பொழுதில் நின்றால், மீன் தின்னும் பறவைகளில் பத்து வகைக்குக் குறையாமல் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். மடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் கூழைக்கடா மிதக்கிறது. அதன் அருகே நீர்க்காகங்கள் மூழ்கி எழுகின்றன. சற்றுத் தள்ளிச் சாம்பல் நாரையும் பெரிய கொக்கும் அசையாமல் நிற்கின்றன. சேற்றோரமாகச் சின்னக் கொக்கு காலால் தண்ணீரைக் கிளறிக்கொண்டு ஓடுகிறது. கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் சிறுநீல மீன்கொத்தி காத்திருக்கிறது. இவை அனைத்துக்கும் தண்ணீரும் ஒன்று, மீனும் ஒன்று. கண்மாயோ சிறியது, ஒரு போக நெல்லுக்குத் தண்ணீர் போதுமா என்று ஆண்டுதோறும் ஊர் கூடிக் கணக்குப் பார்க்கும் அளவுதான். அப்படியிருக்க, வலிய பறவை எளிய பறவையை விரட்டிவிட்டுக் கண்மாய் முழுவதையும் தனக்கென வைத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஓர் ஐப்பசியில் தொடங்கி அடுத்த சித்திரை வரை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலையும் மாலையும் இந்தக் கரையில் இருந்து பார்த்தவற்றை அடிப்படையாகக் கொண்டு இதை எழுதுகிறேன். கூடு கட்டும் மரங்கள் பாதையை ஒட்டியே இருப்பதாலும், கொக்கு வேட்டை இப்பகுதியில் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதாலும் ஊரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

களம்

பாண்டிய நாட்டுக் கண்மாய்கள் பெரும்பாலானவற்றைப் போலவே இதுவும் பிறை வடிவக் கரை கொண்டது. தாழ்வான பக்கத்தில் கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் நீரைத் தேக்கியிருப்பதால், மடையை ஒட்டிய பகுதி ஆழமாகவும், வரத்துக்கால்வாய் நுழையும் பக்கம் தட்டையாகவும் இருக்கிறது. இடையில் உள்ள உள்வாய் முழுவதும் கண்ணுக்கே தெரியாத மென்சரிவு. கரம்பை எனும் வண்டல் மண் படிந்த அந்தச் சரிவின் நடுவே நாட்டுக் கருவேல மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. வரத்துப் பக்கத்தில் கோரை அடர்ந்திருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையும் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் கண்மாயை நிரப்புகின்றன. 1895 ஆம் ஆண்டு பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. வைகை மீதுள்ள பேரணையில் பிரியும் பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனம் என்பது இங்குள்ள ஒவ்வொரு விவசாயிக்கும் தெரிந்த பிரிவு. போதாத தண்ணீரை இடத்தாலும் காலத்தாலும் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பறவைகளின் ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள இந்த ஊரார் எவருக்கும் சிரமம் இருக்காது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

சரிவைப் பற்றி ஒரு கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமும் இதில் தங்கியுள்ளன. நூறு அடிக்கு ஓரடி இறங்கும் மென்சரிவில் தண்ணீர் ஓர் அங்குலம் வற்றினால், எட்டடிக்கு மேல் அகலமுள்ள புதுச் சேறு வெளியே தெரியும். செங்குத்தாக வெட்டிய குழியில் அதே ஓர் அங்குலம் வற்றினால் வெளியே தெரிவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரண்டிலும் வற்றிய உயரம் ஒன்றே. பறவைக்குக் கிடைக்கும் இடம் ஒன்றல்ல.

கோட்பாடு சொல்வது

சோவியத் உயிரியலாளர் காவ்ஸ் 1930களில் வெளியிட்ட சோதனைகளில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் இரண்டு இனங்களை ஒரே கண்ணாடிக் குழாயில் ஒரே உணவோடு வளர்த்தார். தனித்தனியே வளர்த்தபோது இரண்டும் செழித்தன. சேர்த்து வளர்த்தபோது ஒன்று மறைந்தது. ஆனால் வேறொரு இணையைச் சேர்த்து வளர்த்தபோது இரண்டுமே பிழைத்தன: ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது, மற்றொன்று அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. ஒரே குழாய்க்குள் மேல், கீழ் என்று இரண்டு வாழ்க்கைகள் உருவாகிவிட்டன. வளத்தை முற்றிலும் ஒரே விதமாகப் பயன்படுத்தும் இரண்டு இனங்கள் நீண்ட காலம் ஒன்றாக இருக்க இயலாது என்ற போட்டி விலக்கல் விதி முதல் சோதனையோடும், ஒரே வளத்தை வெவ்வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளும் வளப் பங்கீடு என்ற கருத்து இரண்டாவதோடும் பொருந்துகின்றன.

1958 இல் சூழலியலாளர் மெக்கார்தர், அமெரிக்காவின் வடகிழக்கு ஊசியிலைக் காடுகளில் பூச்சி தின்னும் ஐந்து கதிர்க்குருவி வகைகளைக் கவனித்து, ஒரே மரத்தின் உச்சி, வெளிக்கிளை, உட்கிளை, அடிப்பகுதி என்று அவை வெவ்வேறு இடங்களில் அதிக நேரம் இரை தேடுவதைக் காட்டினார். 1974 இல் ஷோனர் என்ற சூழலியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விலங்குகள் பெரும்பாலும் முதலில் இடத்தாலும், அடுத்து இரையின் வகையாலும், அதற்குப் பிறகே நேரத்தாலும் பிரிந்துகொள்கின்றன என்று கூறினார். ஓர் இனம் எங்கே, எதை, எப்போது, எந்த முறையில் பயன்படுத்துகிறது என்பதன் முழுத் தொகுப்பையே செயல் வாழிடம் என்கிறோம். முகவரி ஒன்றாக இருக்கலாம். தொழில் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது மாணவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம்.

கணுக்கால், முழங்கால், இடுப்பு, ஆளாழம்

இங்கே ஆழத்தை மீட்டரில் சொல்லும் வழக்கம் இல்லை. கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், ஆளாழம் என்றே சொல்கிறார்கள். பறவைகளைக் குறித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆளாழத்தில் நிற்க முடிந்த பறவை கிடையாது. மிதப்பவையும் மூழ்குபவையும் மட்டுமே அங்கே உண்டு. கூழைக்கடா மூழ்குவதில்லை. மிதந்தபடியே அலகின் கீழ்ப்பையை வலைபோல் நீருக்குள் விட்டு மேல்மட்ட மீனை அள்ளுகிறது. கொண்டை நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி மீன்கூட்டத்தை மறித்துப் பிடிக்கின்றன. அவற்றைவிடச் சிறிய சின்ன நீர்க்காகம் பெரும்பாலும் தனித்தோ சிறு குழுவாகவோ ஆழம் குறைந்த ஓரங்களில் மூழ்குகிறது. பாம்புத்தாரா உடலை முழுக்க நீருக்குள் மறைத்துக்கொண்டு, ஈட்டிபோன்ற அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து சுண்டிவிட்டு விழுங்குகிறது. முக்குளிப்பானோ இவை எதுவும் பொருட்படுத்தாத அளவுக்குச் சிறிய நீர்ப்பூச்சிகளையும் குஞ்சு மீன்களையும் தேடுகிறது. ஒரே பள்ளத்தில் ஐந்து தொழில்கள்.

சாம்பல் நாரையும் பெரிய கொக்கும் நிற்கும் இடத்தைத் தாண்டி வேறெந்தக் கொக்கும் உள்ளே வருவதில்லை, ஏனெனில் அந்த ஆழத்தில் அவற்றுக்குக் கால் எட்டாது. அதற்குக் குறைந்த ஆழத்தில் நடுத்தரக் கொக்கு. அதற்கும் குறைந்த இடத்தில் சின்னக் கொக்கு. தண்ணீரும் கரையும் சேரும் கோட்டில், புல்லோடு புல்லாக, குருட்டுக்கொக்கு என்று இங்கே அழைக்கப்படும் மடையான். உண்ணிக்கொக்கு தண்ணீருக்கே வருவதில்லை. மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளே அதன் இரை. செந்நாரை திறந்த நீரைத் தவிர்த்துக் கோரைக்குள் நுழைந்துகொள்கிறது. கொக்குக் குடும்பத்தின் இந்த ஆறேழு உறுப்பினர்களையும் கரையிலிருந்து உள்நோக்கி வரிசையாகக் கண்டால், கால்களின் நீளமே தண்ணீரின் ஆழத்தை அளந்து காட்டுவதுபோல் இருக்கும்.

ஒரே ஆழத்தில் நிற்பவை

ஆழம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. முழங்காலுக்குக் குறைந்த நீரில் சின்னக் கொக்கு, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை ஆகியவை சில நாள்கள் ஒரு கல்லெறி தூரத்துக்குள் நின்றன. இங்கே பிரிவு முறையால் வருகிறது. கொக்குகள் கண்ணால் வேட்டையாடுபவை. தண்ணீர் தெளிந்திருந்தால்தான் அவற்றுக்கு வேலை நடக்கும். மஞ்சள்மூக்கு நாரையோ பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இருபுறமும் அசைத்துக்கொண்டு நடக்கிறது. மீன் அலகில் பட்ட கணத்தில் அது மூடிக்கொள்கிறது. கரண்டிவாயனும் தட்டை அலகால் அரைவட்டமாக நீரைத் துழாவுகிறது. இவை தொட்டுணர்ந்து பிடிப்பவை என்பதால் கலங்கல் தண்ணீர் இவற்றுக்குத் தடையில்லை. எருமைகள் இறங்கிக் குழப்பிவிட்டுப் போன பகுதியில் கொக்குகள் விலகிக்கொள்ள, மஞ்சள்மூக்கு நாரைகள் மட்டும் தொடர்ந்து மேய்ந்ததை மூன்று வெவ்வேறு நாள்களில் பார்த்தேன். அரிவாள் மூக்கன் மீனைத் தேடுவதே குறைவு. வளைந்த அலகைச் சேற்றுக்குள் செலுத்திப் புழுக்களையும் நண்டுகளையும் எடுக்கிறது.

நத்தைகுத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் என்னை அதிக நேரம் ஒரே இடத்தில் உட்கார வைத்த பறவை அதுதான். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி கிடையாது. வளர வளர உருவாகிறது. நாரை நத்தையை நீருக்குள்ளேயே வைத்துப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்வழியே நுழைத்து, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. ஓடு உடையாமல் கிடக்கிறது. வயல் வரப்பில் முழுதாகக் கிடக்கும் வெற்று நத்தை ஓடுகளுக்கு இதுதான் காரணம் என்பதை எனக்கு முதலில் சொன்னவர், கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பிலுள்ள நீர்பாய்ச்சிப் பெரியவர். நத்தையை இப்படிக் கையாளும் கருவி மற்ற நாரைகளிடம் இல்லை. மீனுக்குப் பத்துப் பேர் நிற்கும் இடத்தில் இந்தப் பறவை வேறொரு இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்று மீன்கொத்திகளின் கதையும் இதைப் போன்றதே. சிறுநீல மீன்கொத்திக்குத் தாழ்ந்த கிளை வேண்டும். அதிலிருந்து எட்டும் தூரத்திலுள்ள சிறு மீன்களே அதன் பங்கு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பாயக் கூடியது என்பதால், கிளையே இல்லாத நடு நீரும் அதற்குக் கிடைக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தி, பெயரில் மீன் இருந்தாலும், ஓணான், வெட்டுக்கிளி, நண்டு, தவளை என்று கரைப்பக்கமே பெரும்பாலும் வேட்டையாடுகிறது.

தண்ணீருக்கு அடியிலும் இதே ஏற்பாடு உண்டு. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுப்பவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்தே குஞ்சு விடுகிறார்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேய்வதால், ஒரே இனத்தை விடுவதைவிட மொத்த விளைச்சல் கூடுகிறது. இதோடு வெள்ளிக்கெண்டையையும் அதிகமாக விட்டால் கட்லாவின் வளர்ச்சி குன்றும், ஏனெனில் இரண்டும் மேல்மட்டத்து நுண்ணுயிர்களை நம்பியவை. போட்டியும் பங்கீடும் என்ன என்பதை ஏலக்காரர் எடைக்கல்லில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

பொழுதும் பருவமும்

மாலை மங்கியதும் கொக்குகள் கூட்டங்கூட்டமாக அடைய வரும் நேரத்தில், அதே கருவேல மரங்களிலிருந்து வக்கா ஒவ்வொன்றாகக் கரகரத்த குரலெழுப்பியபடி இரை தேடக் கிளம்புகிறது. பகலில் மடையான் நின்ற ஓரத்தில் இரவில் வக்கா நிற்கிறது. குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் காலத்தில் வக்கா பகலிலும் வேட்டையாடும் என்பதால் இந்தப் பிரிவு முழுமையானதன்று. ஆனாலும் ஆண்டின் பெரும்பகுதிக்கு இது உண்மை.

பருவத்தால் வரும் பிரிவு இன்னும் பெரியது. வடக்கேயிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வரும் உள்ளான்களும் நீலச்சிறகிகளும் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றன. அவை நம்பி வருவது மார்கழிக்குப் பிறகு கண்மாய் வற்ற வற்ற வெளிப்படும் ஈரச்சேற்றை. அந்தச் சேற்றில் கொசு உள்ளான் மேற்பரப்பைக் கொத்துகிறது. பட்டாணி உப்புக்கொத்தி சிறிது ஓடி, நின்று, கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறது. விசிறிவால் உள்ளான் நீண்ட அலகை முழுவதுமாக மண்ணுக்குள் இறக்கிப் புழுவை உணர்ந்து எடுக்கிறது. பவளக்கால் உள்ளான் இவை இறங்க முடியாத நீருக்குள் நடந்து செல்கிறது. ஒரு விரல் ஆழத்துச் சேறு இவற்றுக்கு மூன்று மாடி வீடு.

நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது, "ஐயா, தண்ணீர் இவ்வளவு இருந்தும் கொக்கு குறைவாக இருக்கிறதே?" என்று கேட்டேன். அவர், "தம்பி, நெறஞ்சு கெடந்தா நம்ம கண்ணுக்குத்தான் அழகு. கொக்குக்குச் சோறு கெடைக்கிறது தண்ணி வத்துறப்பத்தான்" என்றார். இந்த ஆய்வில் நான் கற்ற முதன்மையான செய்தி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பறவைகளுக்குத் தட்டுப்பாடு தண்ணீரிலோ மீனின் எண்ணிக்கையிலோ அன்று. காலுக்கும் அலகுக்கும் எட்டும் மீனில்தான். எட்டும் தூரம் ஒவ்வொரு வாரமும் இடம் மாறிக்கொண்டே போவதால்தான் பல இனங்களும் முறை வைத்துப் பிழைக்கின்றன.

வேறுபாடு இருந்தால் போட்டி என்று பொருளா?

இவ்வளவு நேர்த்தியாகப் பிரிந்து நிற்பதைக் கண்டவுடன், போட்டிதான் இவற்றை இப்படிப் பிரித்தது என்று எழுதிவிடும் ஆசை எழும். அந்த ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். இன்று நாம் காண்பது பிரிவை மட்டுமே. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் போட்டி என்றோ நடந்து முடிந்ததாக இருக்கலாம், அல்லது அந்த இனங்கள் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு காரணங்களால் உருவாகிப் பின்னர் ஒன்றுசேர்ந்தவையாகவும் இருக்கலாம். 1980 இல் கானல் என்ற சூழலியலாளர், கடந்த காலப் போட்டியின் ஆவியைக் காட்டி எதையும் விளக்கிவிடக் கூடாது என்று எச்சரித்தது இதற்காகத்தான். ஆகவே நான் கண்டது பங்கீடு என்று சொல்கிறேன். அதன் தோற்றம் பற்றி இந்தக் கண்மாய் ஒன்றை வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றாக வாழ்தல் நிலைக்க வேண்டுமானால் எந்த நிபந்தனை நிறைவேற வேண்டும் என்று கோட்பாடு தெளிவாகச் சொல்கிறது: ஓர் இனத்தின் உறுப்பினர் பிற இனத்துக்கு இழைக்கும் நெருக்கடியைவிடத் தன் இனத்துக்கே இழைக்கும் நெருக்கடி அதிகமாக இருக்க வேண்டும். அதைக் களத்தில் பார்க்க முடிந்தது. சாம்பல் நாரை நிற்கும் இடத்துக்கு மற்றொரு சாம்பல் நாரை வந்திறங்கினால் முன்னது கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு விரட்டுகிறது. அதே இடத்துக்கு அருகில் சின்னக் கொக்கு வந்தால் பொருட்படுத்துவதில்லை. பெரிய கொக்கும் மடையானும் அப்படியே. சண்டை பெரும்பாலும் பங்காளிகளுக்குள்தான். சில சமயம் அயலாரால் நன்மையும் உண்டு: நீர்க்காகக் கூட்டம் ஆழத்திலிருந்து மீனை விரட்டிக்கொண்டு வரும்போது, ஓரத்துக்கு ஒதுங்கும் மீனுக்காகச் சின்னக் கொக்குகள் கரையோரமாக உடன் ஓடி வருவது வழக்கமான காட்சி. செம்பருந்து மட்டும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல், பிறர் பிடித்ததைத் தட்டிப் பறிக்கும்.

பங்குனிக் குட்டை

பங்குனியில் கண்மாய் மடையோரக் குட்டையாகச் சுருங்கியது. வளம் சுருங்கினால் பிரிவு மேலும் இறுகும் என்று எதிர்பார்த்திருந்தேன். நடந்தது அதற்கு நேர்மாறு. முழங்கால் அளவே இருந்த அந்தக் குட்டையில் மீன் கொதித்தது. பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெண்மார்பு மீன்கொத்தி என்று எல்லாமும் தோளோடு தோள் உரச ஒரே இடத்தில், ஒரே மீனைத் தின்றன. தண்ணீர் அருகிப்போன அந்த வாரத்தில்தான் எட்டும் மீன் ஆண்டிலேயே அதிகம். உணவு மிகுந்தால் எல்லைகள் கரையும், குறைந்தால் எல்லைகள் கூர்மையாகும் என்ற பொதுக் கருத்துக்கு இது முரணன்று. எது வளம் என்பதை நான்தான் தவறாக வைத்திருந்தேன்.

அந்தப் பந்தி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. ஊரில் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். விடியற்காலையில் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுவட்டாரத்து மக்கள் ஊத்தா, கச்சா, வலையோடு இறங்கி, விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று அள்ளிச் சென்றார்கள். ஆண்டு முழுவதும் ஏலக்காரருக்கோ ஊர்ப் பொதுவுக்கோ உரிய மீன், அன்று ஒரு காலை மட்டும் எல்லாருக்கும் உரியது. மறுநாள் குட்டையில் உள்ளான்கள் மட்டும் இருந்தன.

சரிவு இழந்த பகுதி

இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று என்னை நெருக்கிய பகுதி இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் கண்மாயின் தென்பாதியில் இயந்திரம் வைத்துத் தூர்வாரினார்கள். கரைக்கு மண் வேண்டும் என்பதும், தண்ணீர் கூடுதலாகத் தங்க வேண்டும் என்பதும் நியாயமான தேவைகள். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வேலை செய்தவர்கள் வரத்துப் பக்கத்து மென்சரிவையும் சேர்த்து, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் அகலக் குழிகளாக வெட்டிவிட்டார்கள். வடபாதி கைபடாமல் நின்றது. இதனால், திட்டமிடாமலேயே, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பாதிகள் கிடைத்தன: ஒரே மழை, ஒரே கால்வாய், ஒரே மீன்குஞ்சு, வேறுபட்ட சரிவு.

தென்பாதியில் பருவம் முழுவதும் நான் கண்டவை மிதப்பவையும் மூழ்குபவையுமே: நீர்க்காகம், முக்குளிப்பான், எப்போதாவது கூழைக்கடா, மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி. குழியின் விளிம்பில் ஓரிரு மடையான்கள். நடுத்தர, சின்னக் கொக்குகளும், மஞ்சள்மூக்கு நாரையும், கரண்டிவாயனும், உள்ளான்களும் அங்கே இறங்கவே இல்லை. அவை அனைத்தும் வடபாதியில் நெருக்கிக்கொண்டு நின்றன. கொக்குகளுக்குள் விரட்டலும் அங்கே அதிகமாக இருந்தது. மீன் தென்பாதியில்தான் மிகுதி என்பது வலை போட்டபோது ஊருக்கே தெரிந்தது. இருந்தும் அது எட்டாத மீன். நீர்பாய்ச்சிப் பெரியவர் அதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் கெணறு மாதிரி ஆயிருச்சு. கெணத்துல கொக்கு நிக்குமா?"

ஆகாயத்தாமரையும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. தென்பாதியின் ஒரு மூலையை அது மூடியபோது மூழ்கும் பறவைகளும் விலகிவிட்டன. ஒளியும் உயிர்வளியும் குறைந்த அந்த நீரில் இருந்த பங்குகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் அப்படித்தான். எந்த மட்டத்திலும் எதையும் தின்று, சிறு வயதிலேயே பெருகிவிடும் அந்த மீன், தங்களுக்கென ஒரு மட்டத்தை வைத்து வாழ்ந்த நாட்டு மீன்களின் இடத்தைச் சுருக்குகிறது.

கூடுகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. இந்தக் கண்மாயில் சில மரங்களே உள்ளன. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில், மூன்று கண்மாய்கள் சேர்ந்த 38.4 ஹெக்டேர் பரப்பில், கலப்புக் கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளைக் காணலாம். 1977 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்துக்காகச் சுற்றியுள்ள ஊர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருவது எல்லாரும் அறிந்ததே. இத்தகைய கூட்டங்களில் பெரிய நாரைகள் மரத்தின் உச்சியையும், கொக்குகளும் நீர்க்காகங்களும் அதற்குக் கீழுள்ள கிளைகளையும் எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். மரம் குறைந்தால் அந்த மாடிகளும் குறையும்.

ஊரார் முன் வைத்தவை

சித்திரையில் கண்மாய் காய்ந்து வெடித்த பிறகு, வடபாதியிலும் மண் எடுக்கலாமா என்ற பேச்சு ஊரில் எழுந்தது. பார்த்தவற்றை எழுதி ஊர்க் கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டவை மூன்று. மண் வேண்டுமானால் கரையை ஒட்டிய மடைப்பள்ளத்திலும், மிகைநீர் வழியும் கலுங்கை ஒட்டிய பகுதியிலும் மட்டும் ஆழப்படுத்தலாம். அங்கே ஆழம் கூடினால் பங்குனித் தண்ணீர் ஆடுமாடுகளுக்கு இன்னும் சில வாரம் நிற்கும், மூழ்கும் பறவைகளுக்கும் உதவும். வரத்துப் பக்கத்து மென்சரிவில் கரம்பையை மேலோடு வழித்து எடுக்கலாமே தவிர, குழி தோண்டக் கூடாது. தென்பாதியில் ஏற்கெனவே வெட்டிய குழிகளின் உள்விளிம்பை, அடுத்த முறை இயந்திரம் வரும்போது, ஒரு பக்கமாவது சாய்த்துவிட வேண்டும்.

முதல் இரண்டுக்கும் எதிர்ப்பு இல்லை. மூன்றாவதற்குச் செலவு யார் தருவது என்ற கேள்வி வந்தது. அதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கரம்பைக்கு டிராக்டர் ஓட்டும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, குழியின் கிழக்கு விளிம்பில் மண் அள்ளும்போது வண்டி இறங்குவதற்கு எப்படியும் சரிவுப் பாதை போட வேண்டியிருக்கும், அதை அகலமாகப் போட்டுவிட்டுத் திரும்ப மூடாமல் விட்டால் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். ஆடி பிறப்பதற்குள் அந்தப் பாதை விழுந்துவிட்டது. கார்த்திகைத் தண்ணீர் அதில் ஏறி, தையில் இறங்கத் தொடங்கியபோது, தென்பாதியில் முதன்முதலாக நான் கண்ட சின்னக் கொக்கு அந்த வண்டித்தடத்தின் மேல்தான், கணுக்கால் தண்ணீரில், காலால் கிளறிக்கொண்டு நின்றது.